20 மணி நேர ஃப்ளைட்... ஜீன்ஸா, பைஜாமாவா, அம்மாவின் காட்டன் புடவையா?

சென்னை ஏர்போர்ட்டின் இன்டர்நேஷனல் டெர்மினல் வாசலில் நள்ளிரவில் ஓர் அரை மணி நேரம் நின்று பாருங்கள். இந்தக் காட்சி எப்படியும் கண்ணில் படும். மகளின் பிரசவத்துக்காக முதல்முறையாக அமெரிக்கா கிளம்பும் ஓர் அம்மா. வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவர், அன்றைக்கு மட்டும் மடிப்புக் கலையாத புது சுடிதாரில், துப்பட்டாவை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார். காலில் நேற்று வாங்கிய ஷூ. ‘ஃப்ளைட்ல புடவையெல்லாம் வேணாம்மா, எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்க’ என்று அங்கிருந்து போனில் உத்தரவு வந்திருக்கும்.

நீங்கள் அந்த அம்மாவின் பிள்ளையாக இருக்கலாம். அல்லது அதே வரிசையில் டைட் ஜீன்ஸோடு நிற்கும், முதல்முறை மேற்படிப்புக்குக் கிளம்பும் ஸ்டூடன்ட்டாக இருக்கலாம். சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம். அங்கே காத்திருந்து, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இன்னும் 16 மணி நேரம். இவ்வளவு நேரமும் உடம்பில் இருக்கப்போகிற டிரஸ்ஸை, ‘யார் எப்படிப் பார்ப்பாங்க’ என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

மேலே போனதும் உடம்புக்கு என்ன ஆகுது?

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது, ஊட்டியில் ஒரு நாற்காலியில் 16 மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊட்டியின் ஈரக்காற்று அங்கே கிடையாது. கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவிகிதத்துக்கும் கீழேதான். உதடு வெடிப்பதும் கண் எரிவதும் இதனால்தான். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்கு மட்டும் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும்தான். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதிகமாகும். தரையில் கச்சிதமாக இருந்த ஜீன்ஸ் பட்டன், மூன்றாவது மணி நேரத்தில் வயிற்றை அறுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கிளம்பும் முன் ஏர்போர்ட்டில் சோலே பட்டூரா சாப்பிட்டிருந்தால் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

அடுத்தது கால். தொங்கப்போட்டபடி உட்கார்ந்தே இருப்பதால் பாதம் வீங்கும். பெரும்பாலானவர்களுக்கு இது ஆபத்தில்லாதது, இறங்கி நடந்தால் வடிந்துவிடும். ஆனால், கால் நரம்பில் ரத்தம் உறையும் பிரச்னை வேறு. நாலு மணி நேரத்துக்கு மேலான பயணங்களுக்குப் பிறகு இதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பயந்துவிடாதீர்கள். அப்போதும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அது வரும் என்பது அதே ஆய்வின் கணக்கு. கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

இவர்களுக்கு உதவுவது, முழங்காலுக்குக் கீழே போடும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ். பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, இதைப் போட்டுக்கொண்டு பறந்தவர்களுக்கு அறிகுறியில்லாத ரத்தக்கட்டுகள் தெளிவாகவே குறைந்திருப்பதைக் காட்டியது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும், தப்பான அளவு உதவாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது. ஸ்டாக்கிங்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

சரி, என்னதான் போடுறது?

இடுப்பில் எலாஸ்டிக் இருக்கும் தளர்வான காட்டன் பேன்ட், மேலே ஒரு டி-ஷர்ட், அதற்கு மேல் கழற்றிப் போடக்கூடிய ஷர்ட் அல்லது ஜிப் வைத்த ஹூடி. இது போதும். மே மாத சென்னையில் வியர்த்து வழிந்து ஏறுவீர்கள். ரெண்டு மணி நேரத்தில் பல் கிட்டும். தடிமனான ஒரே ஸ்வெட்டரைவிட, மெல்லிசாக ரெண்டு மூன்று அடுக்கு நல்லது. கைத்தறித் துண்டு அளவுக்கு ஒரு சால்வை வைத்துக்கொண்டால் போர்வை, தலையணை, கண் மறைப்பு எல்லாம் அதுவே. போர்வைக்கு மேலே தெரியும்படி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கக் கேபின் க்ரூ உங்களைத் தட்டி எழுப்ப மாட்டார்கள். ஜனவரியில் சிகாகோவில் இறங்கப்போகிறவர் கோட்டைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், பெட்டி ஒரு நாள் லேட்டாக வந்தால் திண்டாட்டம்தான்.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் யோசிக்காத ஒன்று, நெருப்பு. பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைகள் சூட்டில் உருகி, தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ, பருத்தி, கம்பளி, டெனிம் போன்றவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. நாள் முழுக்க ஜிம் லெக்கிங்ஸிலேயே இருப்பவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

ஹை ஹீல்ஸும் வேண்டாம். அவசரத்தில் வெளியேற விரிக்கப்படும் சறுக்கை ஹீல்ஸ் கிழித்துவிடலாம் என்பதால், கழற்றிவிட்டுத்தான் குதிக்கச் சொல்வார்கள். அப்புறம் வெறுங்காலோடு ஓட வேண்டும். 2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோவின் ஹனேடா ஏர்போர்ட்டில் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து, அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அப்படி ஒரு நிமிஷம் வந்தால் லேஸை லூஸாக்கி மாட்டிய ஷூவோ, பின்னால் பட்டை உள்ள செருப்போதான் கைகொடுக்கும். டேக்-ஆஃப், லேண்டிங் நேரங்களில் காலில் இருக்கட்டும். நடுவில் கழற்றலாம். ஆனால் சாக்ஸோடு டாய்லெட்டுக்குப் போகாதீர்கள். அந்தத் தரையில் இருப்பது தண்ணீர் என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள்.

பார்க்கிறவர்கள் பார்வை

நம் ஊரில் நைட்டி எப்படியோ, அமெரிக்காவில் பைஜாமா அப்படி. வீட்டுக்குள் ராஜா, வாசலைத் தாண்டினால் வம்பு. 2025 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக் கூட்டம் தொடங்கும் முன், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஷான் டஃபி, ஏர்போர்ட்டுக்கு வீட்டுச் செருப்பும் பைஜாமாவுமாக வராதீர்கள், கொஞ்சம் மரியாதையாக உடுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். கால் நீட்ட இடமில்லாத சீட்டில் கோட் சூட் போட்டு உட்காரணுமா என்று கேட்டார்கள் விமர்சித்தவர்கள். என் ஓட்டு பைஜாமாவுக்குத்தான், துவைத்த பைஜாமாவாக இருந்தால். பக்கத்து சீட்காரரை டிரஸ்ஸைவிட அதிகம் வதைப்பது நாற்றம். சாக்ஸ், வியர்வை மட்டுமல்ல, அளவுக்கு மீறி அடித்த சென்ட்டும் அதில் சேர்த்தி.

பார்வை வெறும் பார்வையாக இருக்கும்வரை பரவாயில்லை. சில நேரம் அது கதவடைப்பு வரை போயிருக்கிறது. 2017 மார்ச்சில் டென்வரில், லெக்கிங்ஸ் போட்டிருந்த இரண்டு டீன் ஏஜ் பெண்களை யுனைடெட் ஏர்லைன்ஸ் ஏற்றவில்லை. ஊழியர் குடும்பங்களுக்கான சலுகை டிக்கெட்டில் வந்தவர்கள் என்பதால் தனி உடை விதி என்று விளக்கம் வந்தது. 2019-ல் ஜமைக்காவிலிருந்து மயாமி கிளம்பிய ஒரு பெண் டாக்டரை, அவர் போட்டிருந்த ராம்பரைப் போர்வையால் மூடிக்கொள்ளச் சொன்னது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். பிறகு மன்னிப்பு கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2025 ஜனவரியில் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ், உள்ளே தெரியும் ஆடை போன்றவை கூடாது என்று தன் விதிகளில் விரிவாகவே எழுதிவைத்தது.

இப்படிச் செய்தியில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? பல நிறுவனங்களின் விதியில் ‘பொருத்தமான உடை’ என்ற அளவில்தான் இருக்கும். எது பொருத்தம் என்பதை அன்றைக்குக் கதவருகில் நிற்பவர் தீர்மானிக்கிறார். ஷார்ட்ஸில் வரும் ஆணுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வருவதில்லை. நியாயமா என்றால், இல்லை. ஆனாலும் கதவருகே சண்டை போட்டு ஜெயித்தவர்கள் குறைவு. ஃப்ளைட் போய்விடும், கனெக்ஷனும் போய்விடும். கைப்பையில் ஒரு முழுக்கை சட்டை வைத்திருங்கள். போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, இறங்கியதும் ஊழியர் பெயர், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதிப் புகார் அனுப்புங்கள். திட்டும் வாசகங்கள், குண்டு, துப்பாக்கி ஜோக் அச்சடித்த டி-ஷர்ட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்கு யாரும் உங்களுக்காகப் பரிந்து பேச மாட்டார்கள்.

அம்மா என்ன கட்டிக்கலாம்?

இப்போது அந்த அம்மாவிடம் வருவோம். புடவைக்கு எந்தச் சிக்கலும் வராது என்று சொன்னால் பொய். 2010 டிசம்பரில், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக இருந்த மீரா சங்கரையே மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் ஏர்போர்ட்டில் தனியாக நிறுத்தி, உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். புடவை கட்டியிருந்ததுதான் காரணம் என்று பார்த்தவர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஏற்க முடியாது என்றார் அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ்.எம்.கிருஷ்ணா. விதிப்படிதான் செய்தோம் என்றது அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு.

தொளதொள ஆடை எதுவானாலும் கூடுதல் சோதனைக்கு வாய்ப்பு உண்டு. அனார்கலி சுடிதாருக்கும் இதே கதைதான். ஜரிகை, கல் வேலைப்பாடு, ஊக்கு, கனமான வளையல், மெட்டி எல்லாம் மெஷினைக் கத்தவைக்கலாம். அமெரிக்காவில் பெண்ணைப் பெண் அதிகாரிதான் தொட்டுச் சோதிப்பார். தனி அறை கேட்கலாம், துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாமல் போய் நின்றால், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் கூனிக் குறுகிவிடுவார்.

அதற்காக 60 வயதில் முதல்முறையாக ஒரு டிரஸ்ஸை, அதுவும் 20 மணி நேரப் பயணத்தில் போடவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழகிய காட்டன் புடவை நெருப்புக்கும் பரவாயில்லை, உடம்புக்கும் பரவாயில்லை. கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் போட்டாலும் வெளியே தெரியாது. ரெண்டு மாற்றம் போதும். பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போடாமல், எலாஸ்டிக் வைத்த பாவாடையாகத் தைத்துக் கொடுங்கள். வயிறு உப்பும்போது நாடா அறுப்பது ஜீன்ஸ் பட்டனைவிட மோசம். புடவையைத் தரையிலிருந்து ரெண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். அந்தக் குட்டி டாய்லெட்டுக்குள் கொசுவம் நனையாது, ஓட வேண்டி வந்தாலும் தடுக்காது.

சுடிதார்தான் வசதி என்று அவரே சொன்னால், ரொம்ப நல்லது. ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து, மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போட்டுப் பழகவையுங்கள். ஷூவையும் அப்படியே. தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினால் இறங்கும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். பூ, பழம், விதை என எதையும் அமெரிக்க கஸ்டம்ஸில் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு வேலை. கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது, அதே டிரஸ், அதே ஸ்டாக்கிங்ஸ், அதே செருப்போடு வீட்டில் ஒரு மதியம் முழுக்க டைனிங் சேரில் உட்கார்ந்து டி.வி பாருங்கள். எது இறுக்குது, எது அரிக்குது என்று அங்கேயே தெரிந்துவிடும். பெட்டிகள் பெல்ட்டில் ஏறிப் போன பிறகு தெரிந்தால், மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது.