குன்னூரின் ஓர் அறையும் வீட்டில் கடைசியாக உண்பவளும்

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் என்றதும் நம்மில் பலருக்கு நாய்க்கடித் தடுப்பு மருந்துதான் நினைவுக்கு வரும். 1907இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டு, இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய விசாரணை ஒன்றைத் தொடங்கினார். இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்த ஓர் அறையின் நேர் வாரிசு. இந்த நூறாண்டுக் கதை பெரும்பாலும் சாதனைப் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்தச் சாதனைகளை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பொதுப் பணத்தில் நடந்த இவ்வாய்வின் இழை எங்கெங்கே அறுந்தது, எந்தக் கேள்விகள் கேட்பாரற்றுப் போயின என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் அறுபடல் விரைவிலேயே நேர்ந்தது. முதல் உலகப்போருக்குப் பின் வெறுமையாகிவிட்ட கருவூலத்தைச் சரிசெய்ய, இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் அமைந்த சிக்கனக் குழு 1923இல் தன் பரிந்துரைகளை அளித்தது. அந்தக் கத்திரிக்கு மெக்காரிசனின் விசாரணையும் தப்பவில்லை. 1925இல் 'குறைபாட்டு நோய் விசாரணை' என்ற பெயரில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1928இல் 'ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள்' ஆயிற்று. 'விசாரணை' என்ற சொல்லைக் கவனியுங்கள். விசாரணை முடிந்தால் கோப்பை மூடிவிடலாம். மக்கள் என்ன உண்கிறார்கள் என்பது ஒருமுறை விசாரித்து மூடிவைக்கும் செய்தியன்று என்பதை அன்றைய அரசு உணரவில்லை; பின்வந்த அரசுகளும் எப்போதும் உணர்ந்திருந்ததாகச் சொல்ல இயலாது.

பெரிபெரி உயிர்ச்சத்து பி-1 குறைவால் வருவது. கால் மரத்து, நரம்பு தளர்ந்து, இதயம் வீங்கி ஆளைச் சாய்த்துவிடும். சென்னை மாகாணத்தில் அது பெரிதும் காணப்பட்டது வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில். அரிசியே உணவாகக் கொண்ட தமிழ் மாவட்டங்களிலோ அது அரிது. இரு பகுதியினரும் அரிசிதான் உண்டார்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை நம் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. அங்கே தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. மெக்காரிசனும் நாரிசும் 1924இல் அரிசிக்கும் பெரிபெரிக்குமுள்ள தொடர்பைப் பற்றித் தனி நூலே வெளியிட்டனர். மெக்காரிசனுக்குப் பின் 1935இல் இயக்குநராக வந்த வாலஸ் அய்க்ராய்டும் அவருடைய உடனாய்வாளர்களும் 1940இல் இந்திய அரிசிச் சிக்கல் குறித்து விரிவான ஆய்வேடு ஒன்றைத் தந்தனர். ஆலையில் தீட்டுவதால் போவது எவ்வளவு, களைவதால் போவது எவ்வளவு, கஞ்சியை வடிப்பதால் போவது எவ்வளவு என்று அவர்கள் அளந்து பார்த்தார்கள். அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டிக்குப் போகிறது. வடிகஞ்சியையும் பல வீடுகளில் மாடே குடிக்கிறது. மாட்டுக்கு நாம் கொடுத்த சத்தின் கணக்கு அப்போதுதான் தெரிய வந்தது எனலாம்.

பொதுப் பணம் எதற்கு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை. புழுங்கவைப்பதை யாரும் காப்புரிமை பெற்று விற்க முடியாது. கஞ்சியை வடிக்காதே என்ற அறிவுரையைப் புட்டியில் அடைத்துக் கடையில் வைக்க இயலாது. விற்பதற்கு ஒன்றுமில்லாத உண்மையை ஆராய வணிகர் எவரும் முன்வரமாட்டார். அரசுதான் வர வேண்டும். தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியே, கைக்குத்தல் அரிசிக்காக வாதாடிக்கொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். ஆய்வுக்கூடத்தின் கணக்கும் வார்தாவின் இயக்கமும் ஒரே திசையைக் காட்டின. நாடு போனதோ ஆலையின் பக்கம். உரலும் உலக்கையும் பெண்களின் முதுகை முறித்தவை என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆலை அந்தச் சுமையை இறக்கிவைத்தது. தவிடு போகாமல் அந்தச் சுமையை மட்டும் எப்படி இறக்குவது என்ற கேள்வியை நம் ஆய்வு போதிய அளவு பின்தொடரவில்லை என்பதே நம் குறை.

மெக்காரிசனின் புகழ்பெற்ற எலிச் சோதனையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னைவாசிகள் என ஏழு வகை உணவை ஏழு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் தின்ற 'சீக்கிய' எலி முதலில் நின்றது. சோற்றை மிகுதியாகத் தின்ற 'சென்னை' எலி கடைசியில். சோதனையின் முடிவில் ஐயமில்லை. ஐயம் அதற்கு இட்ட பெயரில்தான். பால் வாங்க வழியில்லாத கூலியின் தட்டில் இருந்தது ஓர் இனத்தின் உணவன்று, ஒரு வருமானத்தின் உணவு. போர்க்குடி என்றும் அல்லாத குடி என்றும் மக்களைப் பிரித்த ஆட்சிக்கு அந்தப் பெயர் வசதியாக இருந்திருக்கும்.

அய்க்ராய்டு இதைவிடத் தெளிவாகப் பார்த்தவர். இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937இல் அவர் வெளியிட்ட சிறுநூல், பலமுறை திருத்தம் பெற்று, தலைமுறை தலைமுறையாக மருத்துவர்க்கும் ஆசிரியர்க்கும் கைந்நூலாக விளங்கியது. ஆனால் 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்தபோது எந்த அட்டவணையும் உதவவில்லை. அரிசியில் என்ன இருக்கிறது என்பது தெரியும். அரிசி யாரிடம் இருக்கிறது என்பதை ஆராய ஆய்வுக்கூடம் இல்லை. பஞ்சத்தை விசாரித்த குழுவில் அய்க்ராய்டும் உறுப்பினர். பதினைந்து இலட்சம் பேர் மாண்டனர் என்று அக்குழு கணித்தது. பின்வந்த ஆய்வாளர் சிலர் முப்பது இலட்சம் வரை சொல்வர். தம் குழுவின் கணக்கு குறைவானது என்று பிற்காலத்தில் அய்க்ராய்டே எழுதினார்.

1958இல் ஆய்வுக்கூடம் குன்னூரை விட்டு ஐதராபாத் சென்றது. 1969இல் தேசிய நிறுவனமாயிற்று. சேலத்தில் பிறந்து குன்னூரில் பணியாற்றிய சி. கோபாலனின் காலம் அது. ஏழை நாடுகளின் குறை புரதக் குறையே என்று அப்போது உலகமே நம்பியது. பால்மாவு, மீன்மாவு என விற்பனைக்குப் பொருள்கள் அணிவகுத்தன. 1968இல் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை ஒன்று புரத நெருக்கடி என்றே எச்சரித்தது. கோபாலனும் உடனாய்வாளர்களும் நம் குழந்தைகள் உண்ணும் தானியமும் பருப்பும் கலந்த உணவை நிறுத்துப் பார்த்தனர். அந்த உணவையே வயிறாரக் கொடுத்தால் புரதத் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும், குறைவது சோறுதான் என்றனர். புள்ளியியலாளர் சுகாத்மேயும் தம் வழியில் அதே முடிவுக்கு வந்தார். விற்பதற்குப் புரதமாவு இல்லாத ஒரு நிறுவனத்தால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

அதன் பின் 1972இல் தொடங்கியது தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம். தமிழ்நாடு உட்பட்ட சில மாநிலங்களில் அதன் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அளந்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு, ஒரு வீட்டுக்குள் எவ்வளவு அரிசி போயிற்று என்பதைச் சொல்லும். பணியகமோ, முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் வீட்டில் ஒவ்வொருவரும் என்ன உண்டார் என்று தனித்தனியே கேட்டது. அனைவரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்ணும் பெண் புள்ளிவிவரத்தில் தட்டுப்பட இது ஒன்றே வழி. வீட்டுச் சராசரியில் அவள் மறைந்துபோவாள்.

அந்தப் பணியகம் 2015இல் மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு கணக்கு ஒரு ஆணையில் நின்றது. குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றி 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஆய்வுக்கு ஒரு தனியார் செல்வக் குடும்பத்தின் கொடை வேண்டியிருந்தது. கொடையாளரைக் குறை சொல்வதற்கில்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாடு தன் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கக் கொடையை நம்பியிருந்ததுதான் உறுத்துகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்து 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்று சொல்லிற்று. ஒரு புறம் சோகை, மறுபுறம் சர்க்கரை. நடுவே தீட்டிய வெள்ளரிசிச் சோறு. 2021இல் அரசு அறிவித்த செறிவூட்டிய அரிசித் திட்டத்தைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் எழுதுகிறோம். அந்தப் பெண் நேற்று என்ன உண்டாள் என்ற தொடர்ச்சியான பதிவு இருந்திருந்தால் வாதம் இன்னும் தெளிவாக நடந்திருக்கும்.

இதில் நம்மைப் போன்ற தமிழ்த்துறையினருக்கும் ஓர் இடம் இருக்கிறது. இதுவரை எவரும் கேட்கவில்லை, நாமும் முன்வரவில்லை. இருபத்து நான்கு மணி நேர நினைவுக் கணக்கு முழுக்க முழுக்கச் சொற்களை நம்பியது. 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் சோறு உண்டதை மட்டுமே சொல்பவர் பலர். காலையில் குடித்த நீராகாரம் அவர் கணக்கில் சாப்பாடு அன்று. களத்துமேட்டில் கொறித்த கடலை, குழந்தை மிச்சம் வைத்த இட்லியில் தாய் தின்ற பாதி, வெற்றிலையோடு உள்ளே போன சுண்ணாம்பு, இவை எந்தச் சொல்லால் கேட்டால் நினைவுக்கு வரும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கீரைகளுக்கே ஊருக்கொரு பெயர். ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு செடியைக் குறிப்பதும் உண்டு. 2017இல் ஐதராபாத் நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தஞ்சாவூரிலும் தருமபுரியிலும் தூத்துக்குடிக் கடற்கரையிலும் எப்படியெல்லாம் அழைக்கிறார்கள், எந்த அளவையால் அள்ளுகிறார்கள், எந்த வேளையில் யார் உண்கிறார்கள் என்று ஒரு வட்டாரச் சொல்லகராதி தொகுக்க முதுகலை மாணவர் பத்துப் பேரும் பேருந்துக் கட்டணமும் போதும்.