சாவி கொடுத்த பெட்டியும் சட்டைப்பைக் கணினியும்

காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே இசைத்தட்டு வியாபாரம் வழியாகத்தான். 1930-களில் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகளை விற்றார். 1947-இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தை எடுத்தது காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் அவர் அமைத்த ஸ்டுடியோவில்.

அந்தக் காலத்துத் தட்டு அரக்கால் ஆனது. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். மணிக்கணக்கில் பாடும் வித்வானும் அதற்குள் ராகத்தை முடிக்கணும். கேட்பதற்கு மின்சாரம் வேண்டாம், சாவி கொடுத்தால் போதும்.

இன்று அந்த வேலையை 2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி செய்கிறது. எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி. பலகையை அதன்மேல் செருகி, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இணைத்தால் வீட்டு ஹை-ஃபை தயார். சி.டி. தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டில் நூறு மணி நேரம், அதாவது சுமார் 2,000 தட்டுப் பக்கங்கள் அடங்கும்.

ஆனால் அதில் ஏற்றுவதற்குப் பாட்டு இருக்கணுமே! காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிராமபோன் அழகுப் பொருளாக விலைபோகிறது. அரக்குத் தட்டோ கைதவறினால் உடையும். வேறு பிரதி இல்லாத பாட்டு என்றால் அதோடு போச்சு. எல்.பி. ஊசி இதற்கு ஆகாது; அகலமான பள்ளத்துக்கேற்ற தடித்த ஊசியில் ஓட்டி, இப்போதே பதிந்து வைக்கணும். உடைந்த தட்டை எந்த டி.ஏ.சி.யும் பாட வைக்காது.