துடுப்புக்குப் பின் வந்த மோட்டார்

சென்ற வாரம் டொரன்டோவிலிருந்து என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். நாவலப்பிட்டியில் பிறந்து, மகாவலிக் கரைக் கற்களில் குந்தியிருந்து தூண்டில் போட்டு வளர்ந்தவன். இப்போது அங்குள்ள ஏரியொன்றில் மீன் பிடிப்பதற்காகக் கயாக் ஒன்று வாங்கியிருக்கிறான்.

"மாமா, துடுப்பு வலித்துத் தோள் நோகிறது. சின்னதாக ஒரு மின்மோட்டார் பூட்டலாம் என்று பார்க்கிறேன். கடையில் ஐம்பத்தைந்து இறாத்தல் தள்ளுவிசை உள்ளதை எடு என்கிறார்கள். அதுதான் பெரியதாம். என்ன செய்வது?"

நான் கலைப்பட்டதாரி. மோட்டாரைப் பற்றி என்னிடம் கேட்பது, நாடித் துடிப்பைப் பற்றித் தபால்காரரிடம் கேட்பதற்கு ஒப்பானது. ஆனால் தெரியாததைத் தேடிப் படித்துத் தெரிந்தவர்போல் எழுதுவதுதானே பத்திரிகைக்காரனின் பிழைப்பு! "ஒரு வாரம் பொறு" என்றேன். தேடிப் போனபோது மோட்டாரின் விலைப்பட்டியலை விட அதன் வரலாறு சுவையாக இருந்தது. அந்த வரலாறு எங்கள் வீட்டு வாசல்வரை வந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கயாக் என்பது வடதுருவத்தை அண்டிய மக்களின் கண்டுபிடிப்பு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்தி, ஒருவர் மட்டும் அமர்ந்து இருமுனைத் துடுப்பால் செலுத்தும் வேட்டைக்கலம் அது. நம்மவர் மரங்களை இணைத்துக் கட்டியதைக் கட்டுமரம் என்றனர். அச்சொல் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்துக்குள் புகுந்துவிட்டது. இரண்டுமே கைவலுவை நம்பியவை. கிடைத்த பொருளைக்கொண்டு ஏழை மனிதன் ஆக்கிக்கொண்டவை.

அடுத்து, 'ட்ரோலிங்' என்பது. ஓரிரு தூண்டில்களை நீரில் விட்டுப் படகை மெல்ல நகர்த்தி, இரை உயிருடன் நீந்துவதுபோல் மீனுக்குக் காட்டும் முறை இது. வடக்கு மீனவரின் வயிற்றில் அடிக்கும் இழுவைமடித் தொழில் வேறு. அது 'ட்ரோலிங்' என்றே நம் செய்திகளில் எழுதப்படுவதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். ஒன்று தூண்டிலால் ஒவ்வொரு மீனாகப் பிடிப்பது. மற்றது கடலடியை வலையால் வாரி, குஞ்சும் முட்டையும் சேர்த்து அள்ளுவது.

படகை மின்சாரத்தால் ஓட்டும் எண்ணம் பெற்றோல் எஞ்சினைவிட மூத்தது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. 1838இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், மொரிற்ஸ் யாக்கோபி என்னும் அறிஞர், நேவா நதியில் சுமார் ஒரு டசின் பேரை ஏற்றிக்கொண்டு மின்படகைச் செலுத்திக் காட்டினார். அதன் வேகம் ஓர் ஆள் நடக்கும் வேகத்தைக்கூட எட்டவில்லை. 1881இல் பாரிஸின் சேன் நதியில் குஸ்தாவ் துரூவே, கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டாரைச் சுக்கானோடு பொருத்திப் படகோட்டினார். இன்று என் மருமகன் வாங்கப்போகும் பொருளின் பாட்டனார் அதுதான். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் ஓடின. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றில் ஏறி மகிழ்ந்தனர்.

அப்படியிருந்தும் மின்படகு தோற்றது. காரணம் பற்றரியின் பாரம். ஈயத் தகடும் அமிலமும் சுமந்த பெட்டிகள் படகையே அமிழ்த்தும் எடை கொண்டவை. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்றூட், 1909இல் மில்வோக்கி நகரில் பெற்றோலில் இயங்கும் வெளியிணைப்பு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கோடைநாளொன்றில் காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கத் துடுப்பு வலித்துப் போய் வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்தில் பிறந்த யோசனை என்பார்கள். கதை எப்படியோ, அந்த இயந்திரம் உலகின் மீனவக் கரைகள் அனைத்தையும் மாற்றிவிட்டது.

மின்மோட்டார் ஒரு மூலையில் பிழைத்திருந்தது. 1934இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்ட் மொடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, தண்டும் விசிறியும் பூட்டித் தூண்டில்காரருக்கான மோட்டாரை உருவாக்கினார். மினசோட்டா, டகோட்டா எல்லையில் பிறந்ததால் மின் கோட்டா என்று பெயர் பெற்றது. வேகம் தேவையற்ற, ஓசையின்மை தேவைப்பட்ட தொழிலுக்கு அது பொருந்திப்போனது.

நம் பக்கம் இயந்திரம் வந்த கதை வேறு விதமானது. இலங்கையில் 1958இல் அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மீனவருக்கு வழங்கத் தொடங்கியது. அறுபதுகளில் வள்ளங்களிலும் தெப்பங்களிலும் வெளியிணைப்பு இயந்திரங்கள் ஏறின. 1967இல் காரைநகரில் நோர்வே உதவியுடன் சீநோர் நிறுவனம் தோன்றி, கண்ணாடியிழைப் படகுகள் கட்டியது. மயிலிட்டி பெரும் மீன்பிடித் துறைமுகமாக வளர்ந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால், 1952இல் கையெழுத்தாகி மறு ஆண்டு கேரளத்தில் தொடங்கிய இந்திய நோர்வேத் திட்டம், இயந்திரப் படகையும் பின்னர் இழுவைமடியையும் அறிமுகப்படுத்தியது. எவின்றூட்டின் தாய்நாடு இரு கரைகளிலும் கைவைத்திருக்கிறது! நன்மை செய்யவே வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வலு பெருகப் பெருக வலை பெருகியது. வலை பெருகக் கடல் சிறுத்தது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. பிரச்சினை இன்னும் முடியவில்லை.

இயந்திரத்தை நம்பியவன் எரிபொருளையும் நம்பவேண்டும். 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் 2017 ஜூலையில்தான் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. போர்க்காலத்தில் வடக்குக்கு எரிபொருள் தடை. இயந்திரத்தின் குதிரைவலுவுக்கு வரம்பு. டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் அவர்கள். இன்று பற்றரியால் ஓடும் படகைப் பற்றி எழுதும்போது அந்த நினைவு வராமலிருக்குமா?

தெற்கும் தப்பவில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. இங்கே நாவலப்பிட்டியிலும் மண்ணெண்ணெய்க் கொள்கலன்கள் மழையில் நனைந்தபடி வீதியோரம் வரிசையாக நின்றன. நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் ஏறியது. மீனவரின் படகுகள் கரையில் கிடந்தன. தோட்டத்து லயங்களில் அடுப்பும் அணைந்தது.

மலையகத்துக்கும் படகு மோட்டாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மின்சாரம்தான் தொடர்பு. 1918இலேயே டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர், எங்கள் அருவிகளிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். 1950இல் லக்சபான இயங்கியது. காசல்ரீ, மவுஸ்சாக்கலை என்று நீர்த்தேக்கங்கள் தொடர்ந்தன. எங்களுக்கு அருகில், சுவீடன் உதவியுடன் கட்டப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிறைவுற்றது. அதன் அடியில் ஊர்கள் மூழ்கின. வறட்சிக் காலத்தில் பழைய விகாரையின் இடிபாடுகள் நீருக்கு மேல் தலைகாட்டும். இவ்வளவு மின்சாரம் பிறந்த மலையில், லயத்து அறைகள் பல நெடுங்காலம் குப்பிவிளக்கில் கிடந்தன என்பதையும் வரலாற்றில் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

அந்நீர்த்தேக்கங்களில் இன்று திலாப்பியாவும் கெண்டை இனங்களும் பிடிபடுகின்றன. திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன். 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அரச ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தும், மக்கள் அதை உண்பதை நிறுத்தவில்லை. பிடிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடியிழை வள்ளத்தில் துடுப்பு வலித்தே பிடிக்கிறார்கள்.

சரி, மருமகனுக்கு என்ன சொன்னேன்?

"தம்பி, தள்ளுவிசையை எடையைக் கொண்டு கணக்கிடு. நூறு இறாத்தல் எடைக்கு இரண்டு இறாத்தல் தள்ளுவிசை என்பது பொது வழக்கு. கயாக், நீ, பற்றரி, சாமான்கள் எல்லாம் சேர்ந்து 140 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 310 இறாத்தல். ஆறு, ஏழு இறாத்தல் விசையே அடிப்படைக்குப் போதும். காற்றையும் அலையையும் எண்ணி முப்பது வாங்கினால் தாராளம். ஐம்பத்தைந்து வாங்கினாலும் கயாக் அதிகம் விரையாது. கலத்தின் நீளத்துக்கேற்ற வேகத்தை நெருங்கியபின், கொடுக்கும் வலுவெல்லாம் அலை எழுப்புவதற்கே போகும்.

பற்றரியையும் பார். முப்பது இறாத்தல் மோட்டார், 12 வோல்ற்றில் முழுவேகத்தில் சுமார் 30 அம்பியர் இழுக்கும். 50 அம்பியர் மணி லித்தியம் பற்றரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் பல மணி நேரம் ஓடலாம். தூண்டிலுக்கு வேண்டியதும் அந்த மெல்லோட்டமே. ஈயப் பற்றரி மலிவு. ஆனால் எடை இரண்டு மடங்குக்கு மேல், பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை விலை கூடினாலும் கயாக்கிற்கு ஏற்றது. கம்பியில் பியூஸ் பூட்ட மறவாதே. உப்புநீருக்குக் கொண்டுபோவதானால் அதற்கென்று செய்த மோட்டாரை வாங்கு. கனடாவில் மின்மோட்டார் பூட்டினாலும் படகோட்டுநர் அட்டை வேண்டும். உயிர்காப்பு அங்கி அணி. துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே."

அவன் சிரித்தான். "மோட்டார் வாங்கியபிறகும் துடுப்பா, மாமா?"

"பற்றரி வடிந்தால் உன்னைக் கரை சேர்ப்பது அதுதான்" என்றேன்.

அவன் ஒன்று கேட்டான்: அடுத்த விடுமுறையில் அந்த மோட்டாரைக் கொண்டுவந்து மகாவலியில் ஓட்டலாமா? எங்கள் ஊர்ப் பக்கத்து ஆறு பாறையும் பாய்ச்சலும் நிறைந்தது. தென்மேல் பருவத்தில் யாரையும் மதிக்காது. அங்கு மோட்டார் வேலைக்காகாது, நீர்த்தேக்கத்தில் ஓட்டுவதானாலும் அனுமதி கேட்டுத்தான் இறங்கவேண்டும் என்றேன். சற்று மௌனமாக இருந்தான். பிறகு, அப்படியானால் பழைய கல்லில் உட்கார்ந்தே தூண்டில் போடுவோம், நீங்களும் வாருங்கள் என்றான்.

1874இல் புகையிரதம் எட்டிய ஊர் இது. அதற்கும் எத்தனையோ காலம் முன்பிருந்தே மகாவலி இதன் வழியே ஓடி, 335 கிலோமீற்றர் கடந்து கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. மலையில் அது மின்சாரம் தருகிறது. கீழே அது கலக்கும் கடலில் மீனவர் இன்றும் எரிபொருள் விலையை எண்ணிக்கொண்டுதான் எஞ்சினை முடுக்குகிறார்கள். மேலே பிறக்கும் மின்சாரம் கீழேயுள்ள அந்த வள்ளங்களை ஓட்டும் நாள் வருமா? கடலுக்கும் சுமைக்கும் ஏற்ற பற்றரி, சாதாரண மீனவருக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தால் வரலாம். வரும்போது, எவ்வளவு வலு வேண்டும் என்ற கேள்விக்கு விடையை விற்பவரிடம் விட்டுவிடாமல், கடலை அறிந்தவரிடம் கேட்டால் நல்லது. கடந்த அறுபது ஆண்டுகளில் நாம் செலுத்திய விலைக்கு அந்தப் பாடமாவது மிஞ்சட்டும்.

மருமகன் முப்பது இறாத்தல் மோட்டாரையே வாங்கிவிட்டதாக நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தான். துடுப்பும் கையோடு இருக்கிறதாம்.