காவல் பெற்ற நதியும் காவலற்ற வழியும்

இயற்கையைப் பாதுகாத்தல் என்றதும், ஒரு நிலப்பரப்புக்கு எல்லை வகுத்து, அதனுள் கோடரியும் இயந்திரமும் புகாவண்ணம் சட்டம் இயற்றினாற் போதும் என்று கருதுவோர் பலர். இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து நதியொன்றின் வரலாறு நமக்குத் துணைபுரிகின்றது. சால்மன் நதியின் நடுக்கிளை எனப்படும் அந்நதி ஏறத்தாழ 167 கிலோமீற்றர் நீளமுடையது. 1968ஆம் ஆண்டின் நதிப் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலிற் காவலுக்குட்படுத்திய எட்டு நதிகளுள் அதுவும் ஒன்று. 1980இல் அதனைச் சூழ்ந்த மலைக்காடும் பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாயிற்று. அந்நதியில் அணையில்லை, அதன் கரையில் ஆலையில்லை.

ஆயினும், அது ஆதிதொட்டு மனிதர் வாழாத காடன்று. ஷோஷோனி இனத்தின் ஒரு பிரிவினர் தலைமுறை தலைமுறையாக அம்மலைகளில் வாழ்ந்து, அந்நதியின் மீனை உண்டனர். 1879இல் அரசின் படை அவர்களைத் தேடிப் பிடித்து வெளியேற்றியது. வடக்கே வாழ்ந்த நெஸ் பேர்ஸ் மக்கள், 1855இற் செய்த உடன்படிக்கையில் தம் நிலத்தில் ஒரு பகுதியை இழந்தபோதும், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைக் கைவிடவில்லை. பொன் கண்டுபிடிக்கப்பட்டதும், 1863இல் எஞ்சிய நிலத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பறிக்கப்பட்டது. மனிதரை அகற்றிய பின்னரே அந்நிலம் ‘வனாந்தரம்’ என்ற பெயரைப் பெற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி மீனுக்கு வருவோம். சினூக் எனப்படும் சால்மன் இனம் மலையோடைகளிற் பொரித்து, வசந்தகாலப் பெருக்குடன் கடலை அடைந்து, ஆண்டுகள் சிலவற்றை அங்கே கழித்து, பிறந்த ஓடைக்கே திரும்புவது. நன்னீருட் புகுந்தபின் அது இரை தேடுவதில்லை. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் எதிர்நீச்சலிட்டு வந்து, முட்டையிட்டபின் இறந்துவிடுகின்றது. அதன் உடல் ஓடைக்கும் காட்டுக்கும் உரமாகின்றது.

பெண்மீன் வாலால் அடித்துப் பரற்கற்களைக் கிளறிக் குழி அமைக்கும். பாசி படிந்த கற்கள் புரள, அவ்விடம் வெளிறித் தோன்றும். இம்முட்டைக்குழிகளைக் கரையோரம் நடந்தும் வானிலிருந்தும் எண்ணுவதே கணக்கெடுப்பின் முறை. 1957 முதல் ஐடஹோ மாநிலத்து மீன்வளத் திணைக்களத்தார் இதனை ஒழுங்காகச் செய்து வருகின்றனர். வீதியில்லா மலைகளில், ஆண்டுதோறும் கோடையின் கடைசியில், அதே ஓடைகளுக்குச் சென்று குழிகளை எண்ணிய ஊழியரின் உழைப்பே இன்று நம்முன் சான்றாக நிற்கின்றது. இந்நதியில் வளர்ப்புப் பண்ணை மீன்களின் கலப்பு மிக அரிது. எனவே, குழிகள் குறைந்தால் காட்டு மீனே குறைந்தது என்பது பொருள்.

அவை குறையவே செய்தன. கீழேயுள்ள ஸ்னேக் நதியில், 1961 முதல் 1975 வரை நான்கு அணைகள் எழுந்தன. கொலம்பியா நதியில் உள்ள நான்கையும் சேர்த்து, மீன் கடக்கவேண்டிய அணைகள் எட்டு. அவற்றால் மின்சாரம் கிடைத்தது. கோதுமை ஏற்றிய படகுகள் கடலிலிருந்து எழுநூறு கிலோமீற்றருக்கு மேல் உள்ள லூயிஸ்ரன் நகர்வரை வந்தன. ஆனால் குஞ்சுகளைக் கடலுக்குக் கொண்டுசென்ற வேகநீர், தேங்கி வெம்மையுறும் ஏரிகளாயிற்று. 1992இல் இம்மீன் அழிவு அச்சத்துக்குட்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. 1995இல் நடுக்கிளைத் தொகுதி முழுவதிலும் எண்ணப்பட்ட குழிகள் இருபதே.

கடலின் நிலையும் இதிற் பங்குடையது என்பதை மறுப்பதற்கில்லை. கடல் அனுகூலமாயிருந்தமையால் 2003இற் குழிகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. பின்னர் மீண்டும் சரிந்தன. ஆயினும், ஓர் ஒப்பீட்டை நோக்குக. ஓரிகன் மாநிலத்து ஜோன் டே நதி, மேய்ச்சலாலும் பொன் அகழ்வாலும் சிதைந்தது. வனாந்தரக் காவலோ அதற்கு மிகக் குறைவு. அந்நதி மீன் செல்லும் கடலும் அதே கடல்தான். ஆனால் அது கடக்கும் அணைகள் மூன்றே. கடலுக்குச் சென்ற குஞ்சுகளில் உயிருடன் மீள்பவற்றின் விகிதம், ஐடஹோ மீனிலும் அங்கு உயர்வாக உள்ளது. தூய நதியிற் பிறந்த மீன் அழிய, சிதைந்த நதியிற் பிறந்தது பிழைப்பதேன்? தொட்டிலுக்குக் காவலிட்ட சட்டம் வழிக்குக் காவலிடவில்லை என்பதே இதற்கு விடை.

ஆண்டுகள் பலவாக இவ்வணைகளை அகற்றுமாறு வாதாடி வருவோருள் நெஸ் பேர்ஸ் மக்கள் முன்னணியில் நிற்கின்றனர். 2023 டிசெம்பரில் நான்கு பழங்குடி மக்களோடும் இரு மாநிலங்களோடும் மத்திய அரசு செய்த உடன்பாட்டை, 2025 ஜூனில் அடுத்த அரசு கைவிட்டது. 1855இல் எழுதப்பட்ட உரிமை ஏட்டில் இருக்கின்றது; அவ்வுரிமையைப் பொருளுடையதாக்கும் மீனோ ஆற்றில் இல்லை.

எண்ணுதல் ஒன்றே மீனைக் காப்பாற்றிவிடாது. ஆனால் எண்ணாதிருந்தால், இழப்பு நேர்ந்ததையே மறுத்துவிடல் ஆதிக்கம் உடையோருக்கு எளிதாகும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக நிரப்பப்பட்டுவரும் அவ்வேடு, எவர் இலாபம் பெற்றனர், எவர் இழந்தனர் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. அதனைப் படித்து நியாயம் கேட்பது மக்களின் கடமை.