நெஞ்சறுவைக்குப் பின் நரம்பு பிளாக் கதீட்டர்

நுரையீரல் அறுவைக்காக நெஞ்சைத் திறந்தபின், அந்தப் பக்கத்து விலா நரம்புகளைச் சில நாட்கள் மரத்திருக்கச் செய்ய முதுகெலும்பை ஒட்டிச் செருகி வைக்கும் மெல்லிய குழாய். அதன் வழியே பூபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்தைப் பம்பு சிறுகச் சிறுகச் செலுத்திக்கொண்டிருக்கும்.

விலாக்களை அகட்டிப் பிடிக்கும் கருவியில் நரம்பு நசுங்குவதால், அறுவைக்குப் பின் மூச்சுக்கு மூச்சு குத்தும். நோயாளி இருமப் பயப்படுவார்; சளி தேங்கும்; நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மார்பு வார்டில் மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்து, "ஊதாதீங்க, உள்ளே இழுங்க" என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வலி அடங்காதவருக்கு முதல் பந்தே எழும்பாது.

இந்த வலியை நரம்பிலேயே அடக்கும் வழி மெதுவாகத்தான் வந்தது. இன்றைய ஜிப்மரின் முன்னோடியாகப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய 1823இல் ஈதர் மயக்கமே வந்திருக்கவில்லை. வியன்னாவில் கார்ல் கொல்லர் கோகெய்னால் கண்ணை மரக்கவைத்த 1884இல் அப்பள்ளிக்கு அறுபது வயது கடந்துவிட்டது. முதுகெலும்பின் பக்கவாட்டில் நரம்பு வெளிவரும் இடத்திலேயே ஊசி போடும் முறையை ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஹூகோ செல்ஹைம் 1905இல், வயிற்று வலியைப் போக்கக் கையாண்டார். லைப்சிக்கின் ஆர்தர் லாவன் அதைச் செம்மைப்படுத்தினார். பாராவெர்டிப்ரல் பிளாக் என்ற பெயரில் அது சில பத்தாண்டுகள் புழங்கியது. பொது மயக்கம் பாதுகாப்பானதும் மறக்கப்பட்டது.

குழாய் வேறு வழியில் வந்தது. 1947இல் கியூபாவின் மார்ட்டினெஸ் குர்பெலோ, டூஹி ஊசி வழியே சிறுநீர்க்குழாய்க்கான கதீட்டரை, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிட்யூரல் இடத்தில் விட்டுவைத்தார். தொடர் எபிட்யூரல் அதிலிருந்து பிறந்தது. நெஞ்சறுவைக்கும் நெடுங்காலம் அதுவே உரைகல்லாக இருந்தது. ஆனால் அது இரு பக்கத்தையும் மரக்கவைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும், சிறுநீரை அடைக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குத் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு.

1979இல் ஈசன், வயட் என்ற இரு மருத்துவர்கள் பாராவெர்டிப்ரல் முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். கதீட்டரையும் அதில் சேர்த்தார்கள். பெரிய திருப்பம் இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் நேர்ந்தது. அங்கே சபாநாதன் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட நெஞ்சறுவை நிபுணரும் சக மருத்துவர்களும், நெஞ்சை மூடுமுன் உட்பக்கத்திலிருந்தே நுரையீரல் உறையை விலாவிலிருந்து பிரித்து, அதில் உண்டான பையில் குழாயை வைத்தார்கள். 1988இல் முறையை வெளியிட்டார்கள். முதுகுப் பக்கமிருந்து தடவித் தேடும் வேலை இல்லை. குழாய் எங்கே இருக்கிறதென்று கண்ணாலேயே பார்க்கலாம். 1999இல் மயக்க மருத்துவர் ரிச்சர்ட்சனுடன் சேர்ந்து அக்குழு நூறு நோயாளிகளை எபிட்யூரலோடு ஒப்பிட்டதில், வலியிலும் மூச்சுத் திறனிலும் பாராவெர்டிப்ரலுக்கே வெற்றி.

என் பார்வையில், நம் அரசு மருத்துவமனைகளுக்கு இவ்வளவு பொருந்தும் முறை வேறில்லை. எபிட்யூரல் செட்டில் வரும் ஊசியும் குழாயுமே போதும். தனிக் கருவி வேண்டாம். 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மார்ஃபின் கிடைப்பதே பெரும்பாடாகி, 2014 திருத்தத்தில்தான் விதிகள் தளர்ந்தன. மார்ஃபினை நம்பாத வலிநிவாரணத்துக்கு இங்கே மதிப்பு கூடுதல். அந்தப் பழைய பிரெஞ்சுப் பள்ளியின் வழித்தோன்றலான கோரிமேடு ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கமிருந்து வருவோரில் கூலி வேலைக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு வலியால் வார்டில் ஒரு நாள் கூடினாலும் வருமானம் போச்சு.

அல்ட்ராசவுண்ட் வந்தபின் ஊசிமுனையைத் திரையில் பார்த்தே மயக்க மருத்துவர்கள் குழாய் வைக்கிறார்கள். 2016இல் ஃபொரேரோ குழு விவரித்த எரெக்டார் ஸ்பைனே பிளாக்கில் மருந்து முதுகுத் தசைக்கடியில் நின்றுவிடுகிறது. நுரையீரலைக் குத்திவிடும் பயம் குறைவு. பலனோ ஆளுக்கு ஆள் மாறும்.

குழாய் நழுவலாம், பம்பு அடைக்கலாம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நெஞ்சைத் தொட்டு, சில்லிப்பு தெரியாத பரப்பு எதுவரை என்று பார்ப்பதே எளிய சோதனை. மருந்து அளவு மீறினால் வலிப்பும் இதயத் தடுமாற்றமும் வரும். எடை பார்த்தே கணக்கிட வேண்டும். பிளாக் கச்சிதமாக அமைந்தும் அறுவை நடந்த பக்கத்துத் தோள் வலிக்கிறது என்பார்கள் சிலர். அது உதரவிதான நரம்பு வழியே கழுத்துப் பகுதிக்கு ஏறும் வலி. விலா நரம்புக் குழாய் அதைத் தொடாது. அதற்குத் தனியாகப் பாராசிட்டமால் கொடுப்பது வழக்கம்.