க்னோம் பலகம்: நீக்கமும் மீட்பும்

லினக்ஸ் கணினித் திரையின் மேல், கீழ் விளிம்புகளில் நிரல் பட்டிகள், கடிகாரம், திறந்துள்ள சாளரங்களின் பட்டியல் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் பட்டை பலகம் எனப்படுகிறது. அதன் அமைப்பை முடிவு செய்வது பயனரா, வடிவமைப்பாளரா என்பது 2011-ஆம் ஆண்டில் பெரும் பிணக்காக வெடித்தது.

க்னோம் மேசைத்தளச் சூழலை 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் பெடரிகோ மேனாவும் தொடங்கினர். முந்தைய ஆண்டு ஜெர்மனியில் உருவான கேடிஈ, கியூட்டி என்னும் நிரலகத்தைச் சார்ந்திருந்தது. அந்நாளில் கியூட்டியின் உரிமம் கட்டற்றதாக இல்லை. க்னோம் பிறந்ததே இந்த உரிமச் சிக்கலால்தான்.

2002 ஜூனில் வெளியான க்னோம் 2, விருப்பத்தேர்வுகளைக் குறைத்துவிட்டதாகக் குறைகூறப்பட்டது என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் அதன் பலகம் நெகிழ்வானது. வலச்சொடுக்கினால் புதிய பலகம் சேர்க்கலாம், இடம் மாற்றலாம், அகலம், நிறம், ஒளிபுகும் தன்மை ஆகியவற்றை மாற்றலாம், குறுநிரல்களைப் பொருத்தலாம். வானிலை காட்டும் குறுநிரலும் இருந்தது, சொடுக்கினால் பொன்மொழி உதிர்க்கும் வாண்டா என்னும் மீனும் இருந்தது. பயன் ஏதுமில்லாத அந்த மீனைப் பலர் விரும்பி வைத்திருந்தனர்.

2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 இவற்றைக் களைந்தது. கவனச்சிதறலைக் குறைப்பதும் எல்லாக் கணினிகளிலும் ஒரே தோற்றத்தைத் தருவதும் வடிவமைப்பாளர்களின் நோக்கங்கள். கீழ்ப்பலகம் போயிற்று, சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் போயிற்று. நோக்கம் தவறன்று, பழைய வழிக்கு முறையான இடம் தராததே குறை. பழைய கணினிகளுக்கென விடப்பட்ட மாற்று முறையில்கூடப் பலகத்தைத் திருத்த ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலச்சொடுக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கண்டித்து, எக்ஸ்எப்சிஈ சூழலுக்கு மாறினார்.

மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் நீக்கப்பட்டது அழியவில்லை. அதே ஆண்டில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் க்னோம் 2-இன் நிரலைக் கிளையாகப் பிரித்து, தென்னமெரிக்கப் பானமான மாத்தேயின் பெயரைச் சூட்டினார். க்னோம் 3-உடன் மோதாதிருக்க உறுப்பு நிரல்களின் பெயர்களும் மாற்றப்பட்டன: கோப்பு மேலாளர் நாட்டிலஸ், எசுப்பானியத்தில் பெட்டி எனப் பொருள்படும் காஹா ஆயிற்று. பெயர் மாற்றம் எளிது. பழகிய பலகத்தைப் புதிய ஜிடிகே 3 நிரலகத்துக்கு முழுமையாக மாற்றி முடிக்க 2017 வரை ஆயிற்று. லினக்ஸ் மின்ட் குழுவினரோ க்னோம் 3-இன் நிரலையே கிளைபிரித்து, கீழ்ப்பலகத்துடன் சின்னமன் சூழலை உருவாக்கினர்.

க்னோமிலும் நீட்சிகள் வழியே பலகத்தை மாற்றும் வாய்ப்பு வந்தது. ஆனால் புதிய பதிப்பு வரும்போது பழைய நீட்சிகள் பல செயலிழந்தன. 2011 முதல் தனது யூனிட்டி இடைமுகத்தை முன்னிறுத்திய உபுண்டு, 2017 அக்டோபரில் க்னோமுக்குத் திரும்பியபோது, இடப்புறப் பட்டையை ஒரு நீட்சியாகவே சேர்த்து வெளியிட்டது.