கயிறு திரித்தவரின் தொண்டை

மூளைக்கு அடியில, முதுகுத்தண்டு ஆரம்பிக்கிற இடத்துக்கு மேல முகுளம்னு ஒண்ணு இருக்கு. ஸ்கூல்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சிருப்போம், பரீட்சையோட மறந்திருப்போம். நீளம் மூணு சென்டிமீட்டர் வாக்குல. மூச்சு, நாடி, விழுங்குறது எல்லாத்துக்கும் கண்ட்ரோல் ரூம் அதுதான். பக்கவாதம்னா கை கால் இழுத்துக்கும், வாய் கோணிக்கும்னுதான் நினைப்போம். முகுளத்தோட ஓரத்துல ரத்தம் அடைச்சா கை கால்ல பலம் குறையாமலே இருக்கலாம். ஆனா ஒரு மடக்கு தண்ணி இறங்காது.

இதை முதல்ல விவரமா சொன்னவர் தானே பாதிக்கப்பட்ட ஒரு டாக்டர். ஜெனீவாக்காரர், காஸ்பர் வியூசோ. 1808 வாக்குல அவருக்கே வந்துச்சு. தலைசுத்தல், கம்மின குரல், விழுங்க முடியாத அவஸ்தை. முகத்துல ஒரு பக்கமும் உடம்புல அதுக்கு எதிர்ப்பக்கமும் வலி, சூடு எதுவும் தெரியல. குறுக்கு மறுக்கான இந்தக் கணக்கை மனுஷன் தன் உடம்பிலேயே குறிச்சு வச்சாரு பாருங்க, அதான் ஆச்சரியம்.

அப்புறம் ஜெர்மானிய டான்சிக் நகரத்து அடால்ஃப் வாலன்பெர்க். இவர்கிட்ட வந்த நோயாளிக்கு 38 வயசு, தொழில் கயிறு திரிக்கிறது (நிஜக் கயிறுங்க, நாம பதிவுல திரிக்கிறது இல்ல). ஸ்கேனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊசியால குத்தி, தொட்டுப் பார்த்து, சிறுமூளைக்குப் போற இன்ன ரத்தக்குழாய்லதான் அடைப்புன்னு 1895ல எழுதினாரு. தலைப்புலயே ஒரு கேள்விக்குறியும் போட்டாரு. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் கேள்விக்குறிதான். நோயாளி இறந்தபிறகு மூளையை அறுத்துப் பார்த்து, 1901ல பதிலும் எழுதினாரு. கணிச்சது சரி. அவ்வளவு பெரிய மனுஷரை, யூதர்ங்கிற ஒரே காரணத்துக்காக நாஜிகள் ஊரைவிட்டு விரட்டினாங்க. 1949ல அமெரிக்காவுல காலமானார்.

சரி, விழுங்க முடியாதவன் எப்படி உயிர் வாழுறது? 1790கள்லயே லண்டன் டாக்டர் ஜான் ஹண்டர், திமிங்கல எலும்புன்னு சொல்ற வளையிற குச்சி மேல விலாங்கு மீன் தோலைப் போர்த்தி, அது வழியா வயித்துக்கு ஆகாரம் அனுப்பி ஒருத்தரைக் காப்பாத்தியிருக்காரு. வயித்துல சின்னதா துளை போட்டு எண்டோஸ்கோப்பி மூலமா டியூப் வைக்கிற முறை 1979ல அமெரிக்காவுல ஒரு கைக்குழந்தைக்குத்தான் முதல்ல நடந்துச்சு. ஆனா திரும்ப விழுங்கப் பழக்குறது பேச்சுப் பயிற்சியாளர்கள் வேலைன்னு ஆனதுக்கு ஜெரி லோகமன்ங்கிற அம்மா முக்கியக் காரணம். அவங்க புத்தகம் 1983ல வந்துச்சு.

நம்ம பக்கம் 1965லயே மைசூர்ல பேச்சு, செவித்திறனுக்குன்னு அகில இந்திய நிறுவனம் வந்தாச்சு. பெங்களூர் நிம்ஹான்ஸ் 1974ல. அது இருக்கறது ஓசூர் ரோட்லதான். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி அந்த ரோட்டுல போன ஆம்புலன்ஸ்கள்ல எங்க சித்தப்பா போனதும் ஒண்ணு. சிப்காட்ல லேத் ஓட்டினவர். அதுக்கு முந்தி வேற ஒரு ஆஸ்பத்திரியில, பேர் வேண்டாம், கை கால் நல்லாத்தானே இருக்குன்னு முதல் நாளே காபி குடுத்துட்டாங்க. இருமல்கூட வரல. காபி நேரா நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆயிடுச்சு. இருமாமலே உள்ள போறதுதான் இதுல ஆபத்து. பக்கவாதம்னு தெரிஞ்சா, விழுங்குறதைச் சோதிச்சுப் பார்க்காம வாயில ஒரு சொட்டுகூட விடக்கூடாது. பாசத்துல ஊத்துற தண்ணிக்கும் இதே சட்டம்தான்.

கிருஷ்ணகிரிக்காரனுக்கு ராகிக்களி எப்படின்னு தெரியும்ல? மெல்லாம, உருட்டி, குழம்புல தோய்ச்சு அப்படியே விழுங்கணும். அப்படி வளர்ந்த மனுஷன் மூக்குல டியூபோட ரெண்டு மாசம் உட்கார்ந்திருந்தார். பயிற்சி குடுத்த பொண்ணு தலையைப் பலவீனமான பக்கம் திருப்பிட்டு விழுங்கச் சொன்னாங்க. அப்படிச் செஞ்சா அந்தப் பக்கத்துப் பாதை மூடிக்கும், சாப்பாடு நல்ல பக்கமா இறங்கும். தண்ணியைவிட கெட்டியான கூழ் மெதுவா இறங்கும், அதனால அவருக்கு அதுல ஆரம்பிச்சாங்க. நம்ம ராகிக்கூழேதான்!

இப்ப சித்தப்பா சாப்பிடுறார், ஒவ்வொரு வாய்க்கும் தலையை இடது பக்கம் திருப்பிக்கிட்டு. பந்தியில அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் தன்கிட்ட ஏதோ சொல்ல வர்றார்னு நினைச்சுக்குவார்.